அம்மாவுக்கு முடக்குவாதம், எனக்கு ‘ஷேர்டு எபிடோப் பாசிட்டிவ்’ என்று மரபணு அறிக்கை வந்திருக்கிறது. இதை எப்படிப் புரிந்துகொள்வது?

கேட்டவர்: தஞ்சைவாசகி

வணக்கம். என் அம்மாவுக்கு 46 வயதில் முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், உடலின் நோயெதிர்ப்பே மூட்டுகளைத் தாக்கும் நோய்) தொடங்கியது. பதினோரு ஆண்டுகளாக அதற்கான மெத்தோட்ரெக்சேட் மருந்தை எடுத்துக்கொள்கிறார். விரல்கள் சற்றுக் கோணியிருந்தாலும் தன் வேலைகளைத் தானே செய்துகொள்கிறார். அவருடைய அக்காவுக்கும், அதாவது என் பெரியம்மாவுக்கும், இதே நோய் இருந்தது. அவர் முறையான மருத்துவம் கிடைக்காமல் கடைசி ஆண்டுகளைப் படுக்கையிலேயே கழித்தார். ஒரே குடும்பத்தில் இருவருக்கு வந்ததால், இது நம் ரத்தத்திலேயே இருக்கிறது என்ற பேச்சு எங்கள் வீட்டில் நெடுநாளாக உண்டு.

சென்ற மாதம் ஒரு தனியார் ஆய்வகத்தில் மரபணுப் பரிசோதனை செய்துகொண்டேன். எச்.எல்.ஏ-டி.ஆர்.பி.1 மரபணுவில் 10:01 என்ற வகை ஒரு பிரதி இருப்பதாகவும், அதனால் நான் ‘ஷேர்டு எபிடோப் பாசிட்டிவ்’ என்றும், பி.டி.பி.என்.22 மரபணுவில் மாறுபாடு இல்லை என்றும் அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். கீழே சிவப்பு எழுத்தில் ‘அதிக இடர்’ என்று ஒரு வரி இருக்கிறது. விளக்கம் கேட்டபோது, மருத்துவரைப் பாருங்கள் என்பதற்கு மேல் அவர்கள் எதுவும் சொல்லவில்லை. அறிக்கையைப் பார்த்த நாளிலிருந்து அம்மா, தன்னால்தான் எனக்கு இது வந்துவிட்டது என்று சொல்லிச் சொல்லி வருந்துகிறார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்கு 33 வயது. மூட்டுகளில் இதுவரை எந்தத் தொந்தரவும் இல்லை. ‘அதிக இடர்’ என்றால் உண்மையில் எவ்வளவு என்பதும், நோயெதிர்ப்போடு தொடர்புடைய ஒரு மரபணு மூட்டை எப்படிக் கெடுக்கிறது என்பதும் எனக்குப் புரிய வேண்டும். இன்னும் இரண்டு கவலைகளும் இருக்கின்றன. என் தம்பி நாளொன்றுக்கு ஒரு பாக்கெட் சிகரெட் பிடிக்கிறான். அவனும் இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டுமா? தங்கைக்கு எங்கள் மாமா மகனையே பேசி வைத்திருக்கிறோம். சொந்தத்தில் முடித்தால் பிள்ளைகளுக்கு இந்த நோய் வந்துவிடும் என்று ஒரு உறவினர் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. அறிந்தவர்கள் விளக்கினால் மிகவும் கடமைப்பட்டிருப்பேன்.

பதில்: வைகைக்கரையான்

அம்மா, நான் மூட்டுவாத மருத்துவத்தில் பணிபுரிகிறேன். உங்கள் தாயாரின் வருத்தம் முதலில் தீர வேண்டும் என்பதால் எண்களிலிருந்தே தொடங்குகிறேன்.

இந்த நோயில் மரபின் பங்கு எவ்வளவு என்பதை அறிய இரட்டையர்களைப் பார்ப்பதே நல்ல வழி. 1993இல் பிரிட்டனில் வெளியான இரட்டையர் ஆய்வில், ஒரே கருவிலிருந்து பிறந்த, மரபணுக்கள் முழுவதும் ஒத்த இரட்டையரில் ஒருவருக்கு முடக்குவாதம் இருந்தபோது மற்றவருக்கும் அது இருந்தது நூற்றுக்குச் சுமார் 15 பேரிடம்தான். இரு கருவிலிருந்து பிறந்த இரட்டையரில், அதாவது உடன்பிறந்தோரைப் போல மரபணுக்களில் பாதியளவு ஒத்தவர்களில், அது நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. தாய்க்கும் மகளுக்கும் இடையே உள்ள மரபு நெருக்கமும் அந்தப் பாதியளவுதான். பெரியம்மாவுக்கும் இருந்தது, உங்களிடம் ஒரு பிரதி இருப்பது உறுதியாகிவிட்டது ஆகியவற்றைக் கணக்கில் கொண்டு அந்த எண்ணைச் சற்று உயர்த்தினாலும், உங்களைப் போன்ற நூறு பெண்களில் தொண்ணூறு பேருக்கு மேல் இந்த நோய் வராமலே வாழ்நாள் முழுவதையும் கழிப்பார்கள். தாய்க்கு இருந்தால் மகளுக்கு இடர் மும்மடங்கு என்பதையும், இந்த மரபணு இருந்தால் இத்தனை மடங்கு என்பதையும் எடுத்து ஒன்றோடொன்று பெருக்கிவிடாதீர்கள். குடும்பத்தில் நோய் தொடர்வதற்கு இந்த மரபணுவே ஒரு காரணம் என்பதால், பெருக்கினால் ஒரே இடரை இருமுறை எண்ணியதாகிவிடும். ‘அதிக இடர்’ என்று சிவப்பில் அச்சிட்டவர்கள், எதனோடு ஒப்பிட்டு அதிகம் என்பதையும் அதே வரியில் எழுதியிருக்க வேண்டும்.

இனி, அது எப்படிச் செயல்படுகிறது என்பதைப் பார்ப்போம். ஆறாவது குரோமோசோமின் குறுங்கரத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் நெருங்கி அமைந்த ஒரு பகுதி இருக்கிறது. சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்கு முன்பு ‘பொருத்தம் பார்க்கிறோம்’ என்பார்களே, அந்த எச்.எல்.ஏ. மரபணுக்கள் இங்குதான் உள்ளன. இவை உருவாக்கும் புரதங்கள் உயிரணுவின் மேற்பரப்பில் ஒரு சிறு தட்டைப் போல நின்று, உள்ளே கிடைத்த புரதத் துண்டுகளை ஏந்தி, நோயெதிர்ப்பை நடத்தும் ஒரு வகை ரத்த அணுக்களான டி வெள்ளணுக்களுக்குக் காட்டுகின்றன. காட்டப்படும் துண்டு அந்நியமானது என்று டி அணு முடிவு செய்தால் போர் தொடங்கும். எந்தத் துண்டு அந்தத் தட்டில் ஒட்டும், எது ஒட்டாது என்பதை முடிவு செய்வது தட்டின் வடிவம். அந்த வடிவம் ஆளுக்கு ஆள் மாறும்.

1970களில் அமெரிக்காவில் பீட்டர் ஸ்டாஸ்ட்னி ஒரு விந்தையைக் கவனித்தார். பொதுவாக, உறவில்லாத இருவரின் வெள்ளணுக்களைக் கலந்தால் அவை ஒன்றையொன்று அந்நியமாகக் கண்டு கிளர்ந்தெழும். முடக்குவாதம் உள்ள இருவரின் அணுக்களைக் கலந்தபோதோ, பல நேரங்களில் அவை உறவினரைச் சந்தித்தவை போல அமைதியாக இருந்தன. நோயாளிகள் பலரிடம் ஒரே எச்.எல்.ஏ. வகை இருந்ததே காரணம். பிறகு 1987இல் கிரெகர்சன், சில்வர், வின்செஸ்டர் ஆகிய மூவரும், நோயோடு தொடர்புடைய வெவ்வேறு டி.ஆர்.பி.1 வகைகள் அனைத்திலும் புரதத்தின் 70 முதல் 74 வரையிலான ஐந்து இடங்களில் ஏறத்தாழ ஒரே அமினோ அமில வரிசை இருப்பதைச் சுட்டிக்காட்டினார்கள். உங்கள் அறிக்கையில் உள்ள ‘ஷேர்டு எபிடோப்’ என்பது அந்தப் பொது வரிசையின் பெயர்தான். உங்களிடம் உள்ள 10:01 வகையும் அந்த வரிசையைக் கொண்டது.

அந்த வரிசை தட்டின் ஒரு பள்ளத்தில் நேர்மின் ஏற்றத்தைக் கொடுக்கிறது. ஆர்ஜினின் என்ற அமினோ அமிலமும் நேர்மின் ஏற்றம் உடையது என்பதால் அது அந்தப் பள்ளத்தில் அமராமல் விலக்கப்படும். ஆனால் நம் உடலில் உள்ள சில நொதிகள் ஆர்ஜினினைச் சிட்ருலின் என்ற வேறொன்றாக மாற்றுகின்றன; மின்னேற்றம் இல்லாத சிட்ருலின் அதே பள்ளத்தில் நன்றாகப் பொருந்திவிடுகிறது. இதுவரை காட்டப்படாமல் இருந்த நம் சொந்தப் புரதத்தின் துண்டு, இப்போது டி அணுவின் முன் நிற்கிறது. சிட்ருலின் ஏறிய இத்தகைய புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்களைத்தான் ‘ஆன்டி சி.சி.பி.’ என்ற ரத்தப் பரிசோதனையில் தேடுகிறோம். ஷேர்டு எபிடோப்பின் தொடர்பு ஆன்டி சி.சி.பி. உள்ள முடக்குவாதத்தோடுதான் வலுவாக இருக்கிறது. அது இல்லாத வகையோடு அவ்வளவாக இல்லை. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2003இல் முடக்குவாதத்தோடு தொடர்புபடுத்திய பி.ஏ.டி.ஐ.4 என்ற மரபணு, ஆர்ஜினினைச் சிட்ருலினாக மாற்றும் நொதிகளில் ஒன்றையே உருவாக்குகிறது என்பதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை.

இப்போது உங்கள் தம்பியைப் பற்றி. புகைப்போரின் நுரையீரலில் சிட்ருலின் ஏறிய புரதங்கள் மிகுகின்றன. ஸ்வீடனில் கிளாரஸ்காக் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஷேர்டு எபிடோப் இரண்டு பிரதிகள் இருந்து புகையும் பிடித்தவர்களுக்கு, அந்த மரபணு வகையும் புகைப்பழக்கமும் இல்லாதவர்களோடு ஒப்பிடும்போது, எதிர்ப்பொருளுள்ள முடக்குவாதத்தின் இடர் 21 மடங்காக இருந்தது. பரிசோதனை அவருக்குத் தேவையில்லை. முடிவு எப்படி வந்தாலும் நாம் சொல்லப்போவது ஒன்றே: புகையை இன்றே விட வேண்டும். அவரிடம் அந்த மரபணு இல்லை என்று வந்துவிட்டால், தனக்கு இனி ஒன்றும் வராது என்று தொடர்ந்து பிடிப்பாரோ என்பதே என் அச்சம்.

பதில்: சிறுமலைச் செல்வி

என் அனுபவத்தைச் சொல்கிறேன். இங்கே படிக்கும் யாருக்காவது அது உதவக்கூடும். நான்கு ஆண்டுகளுக்கு முன் காலையில் எழுந்தால் விரல்களை மடக்க முடியாமல், தோசைக் கரண்டியைக்கூடப் பிடிக்க முடியாமல் இருந்தேன். காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல்தான் விரல்கள் சற்று இளகும். அப்போது ஒரு மருத்துவமனையில் எனக்கு எச்.எல்.ஏ-பி27 என்ற மரபணுப் பரிசோதனை எடுத்து, அது ‘நெகட்டிவ்’ என்று வந்ததால் வாத நோய் இல்லை என்று சொல்லி, வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நானும் மரபணுவே இல்லை என்றபின் நோய் எப்படி இருக்கும் என்று நம்பிவிட்டேன். ஏழு மாதம் கழித்து வேறொரு மருத்துவர் ஆன்டி சி.சி.பி. பார்த்தபோதுதான் முடக்குவாதம் என்று தெரிந்தது. அதற்குள் வலது கை மணிக்கட்டில் எலும்பு அரிக்கத் தொடங்கிவிட்டது.

பி27 என்பது முதுகெலும்பைப் பாதிக்கும் அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் நோயோடு தொடர்புடையது என்பதும், முடக்குவாதத்தைக் கண்டறிய அது பயன்படாது என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் யாருக்கும் இந்த நோய் இருந்ததில்லை. ஆகவே சகோதரி, மரபணு அறிக்கையில் ‘பாசிட்டிவ்’ என்று வந்ததற்காக நீங்கள் அஞ்ச வேண்டாம். அதேபோல, ‘நெகட்டிவ்’ என்று வந்தவர்கள் மூட்டு வீங்கினால் அலட்சியமாக இருந்துவிடவும் வேண்டாம். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பதினோரு ஆண்டுகள் விடாமல் மெத்தோட்ரெக்சேட் எடுப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும்.

பதில்: பொருநை மரபியல்

மருத்துவர் ஐயா சொன்னவற்றோடு பெரிதும் உடன்படுகிறேன். நான் மனித மரபியலில் ஆய்வு செய்பவன் என்பதால், இரண்டு இடங்களில் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஒன்று, ஷேர்டு எபிடோப் என்ற கருத்து 1987இலேயே நின்றுவிடவில்லை. எச்.எல்.ஏ. பகுதியில் ஆய்வு செய்வதன் பெருந்தொல்லை என்னவென்றால், அங்குள்ள மரபணுக்கள் தலைமுறை தலைமுறையாகக் கூட்டம் கூட்டமாகவே கைமாறுகின்றன. ஒரே சங்கிலியில் கோத்த மணிகளில் நோய்க்குக் காரணமானது எந்த மணி, அதன் பக்கத்தில் இருந்ததால் மட்டும் உடன் வந்தது எந்த மணி என்று பிரித்தறிவது மிகக் கடினம். 2012இல் ராய்சவுத்ரி குழுவினர் புள்ளியியல் வழியில் இந்தச் சிக்கலை அவிழ்த்தபோது, மூன்று புரதங்களில் உள்ள ஐந்து அமினோ அமில இடங்களே இப்பகுதியின் தொடர்பில் பெரும்பகுதியை விளக்கிவிடுவதாகக் கண்டார்கள். டி.ஆர்.பி.1 புரதத்தின் 11, 71, 74 ஆகிய மூன்று இடங்களும், எச்.எல்.ஏ-பி, எச்.எல்.ஏ-டி.பி.பி.1 ஆகிய புரதங்களில் 9ஆம் இடமும் அவை. ஐந்துமே புரதத் துண்டை ஏந்தும் பள்ளத்தில் அமைந்தவை. இவற்றில் 11ஆம் இடம், பழைய ஷேர்டு எபிடோப் வரிசைக்கு வெளியே இருப்பது. ஆகவே ‘உண்டு, இல்லை’ என்று இரண்டாகப் பிரிக்கும் அறிக்கை, இன்றைய அறிவுக்குச் சற்றுப் பின்தங்கியது என்பதே என் கருத்து.

இரண்டு, யாருடைய தரவு என்பது மிக முக்கியம். ஐரோப்பியரிடம் 04:01, 04:04 வகைகளும், ஜப்பானியரிடம் 04:05 வகையும், வட அமெரிக்கப் பழங்குடியினர் சிலரிடம் 14:02 வகையும் முன்னால் நிற்கின்றன. இந்திய நோயாளிகளிடம் 10:01 வகைக்குத் தனி இடம் உண்டு. உங்கள் அறிக்கையில் அது வந்திருப்பதில் வியப்பில்லை. தமிழ் நோயாளிகளின் எச்.எல்.ஏ. வகைகளைப் புதுச்சேரி ஜிப்மரில் ஆராய்ந்திருக்கிறார்கள் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. ஆனால் பி.டி.பி.என்.22 கதை வேறு. டி அணுக்களின் கிளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ஒரு நொதியை இந்த மரபணு உருவாக்குகிறது. அதன் 620ஆம் இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதிலாக டிரிப்டோபான் வந்துவிடும் மாறுபாடு, எச்.எல்.ஏ.வுக்கு வெளியே ஐரோப்பியரிடம் காணப்படும் மிக வலுவான இடர்க் காரணிகளில் ஒன்று. 2004இல் முடக்குவாதத்தோடு தொடர்புபடுத்தப்பட்டது. முதல் வகை நீரிழிவோடும் அதற்குத் தொடர்பு உண்டு. கிழக்கு ஆசியரிடம் அது இல்லை என்றே சொல்லலாம்; இந்தியரிடமும் மிக அரிது. எனவே உங்களுக்கு அந்த மாறுபாடு ‘இல்லை’ என்று வந்திருப்பது நம் ஊரில் ஏறத்தாழ எல்லோருக்கும் வரக்கூடிய முடிவு. அதில் ஆறுதல் கொள்ளவும் ஒன்றுமில்லை. அதற்காகப் பணம் கொடுத்திருக்கவும் வேண்டியதில்லை.

2014இல் ஒகாடா குழுவினர் ஐரோப்பிய, ஆசிய வம்சாவளியினர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவைச் சேர்த்துப் பார்த்து, முடக்குவாதத்தோடு தொடர்புடைய 101 மரபணுப் பகுதிகளைப் பட்டியலிட்டார்கள். 2022இல் தெற்காசியர் உட்பட ஐந்து வம்சாவளிகளைச் சேர்த்த ஆய்வில் அது 124 பகுதிகளாயிற்று. எஸ்.டி.ஏ.டி.4, டி.என்.எஃப்.ஏ.ஐ.பி.3, சி.டி.எல்.ஏ.4 என்று இவற்றில் பலவும் வெள்ளணுக்களைத் தூண்டுவதிலோ அடக்குவதிலோ பங்குள்ளவை. தனித்தனியே பார்த்தால் இவற்றில் பெரும்பாலானவை இடரை மிகச் சிறிதளவே கூட்டுகின்றன. இந்தியரை மட்டும் கொண்டு செய்த ஆய்வுகள் குறைவு. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பி.கே.தெல்மா குழுவினர் வட இந்தியரிடம் ஆராய்ந்து 2013இல் ஏ.ஆர்.எல்.15 என்ற புதிய மரபணுவைச் சுட்டியது அவற்றில் குறிப்பிடத்தக்கது. நம் மக்களின் தரவு இன்னும் பல மடங்கு சேராதவரை, ஐரோப்பியத் தரவில் கணித்த இடர் மதிப்பெண்ணைத் தமிழர் ஒருவரின் அறிக்கையில் அச்சிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

தங்கையின் திருமணத்துக்கு வருகிறேன். நெருங்கிய சொந்தத்தில் மணப்பது, பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால் மட்டுமே வெளிப்படும் ஒற்றை மரபணு நோய்களின் வாய்ப்பைக் கூட்டும் என்பது உண்மை. முடக்குவாதம் அந்த வகை நோயன்று. பல மரபணுக்களும் சூழலும் சேர்ந்து விளைவது. இருந்தாலும் கணக்குப் போட்டே பார்ப்போம். உங்கள் 10:01 அம்மாவிடமிருந்து வந்தது என்றும், அவரிடம் அது ஒரு பிரதியே இருந்தது என்றும், தாத்தா பாட்டியில் ஒருவர் வழியாக அது அவருக்கு வந்தது என்றும் வைத்துக்கொள்வோம். தங்கையிடம் அது இருக்க வாய்ப்பு இரண்டில் ஒன்று. மாமாவிடம் இருக்க இரண்டில் ஒன்று, மாமா மகனிடம் இருக்க நான்கில் ஒன்று. இருவரிடமும் இருந்தால், பிறக்கும் குழந்தைக்கு இரண்டு பிரதிகளும் சேர்ந்து வர நான்கில் ஒன்று. மூன்றையும் பெருக்கினால் முப்பத்திரண்டில் ஒன்று. அந்த இரண்டு பிரதிகளும் அமைந்த பிள்ளைகளிலும் பெரும்பாலோருக்கு நோய் வராது. இந்த நோயை ஒரு காரணமாகச் சொல்லி அந்தச் சம்பந்தத்தை முறிப்பது அறிவியலுக்குப் பொருந்தாது. சொந்தத்தில் மணம் என்பதால் பிற பரம்பரை நோய்களுக்காக மரபணு ஆலோசகர் ஒருவரைப் பார்க்க விரும்பினால் அது நல்லதே; ஆனால் அது வேறு கேள்வி.

மறுமொழி: தஞ்சைவாசகி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. முப்பத்திரண்டில் ஒன்று என்ற கணக்கை ஒரு தாளில் எழுதி அம்மாவுக்கும் மாமாவுக்கும் காட்டினேன். மாமா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தம்பி இன்னும் பிடி கொடுத்துப் பேசவில்லை. இன்னொரு கேள்வியும் எழுகிறது: மூட்டு வலி இல்லாத நிலையிலும் ஆன்டி சி.சி.பி. பரிசோதனையை இப்போதே செய்துகொண்டால், நோய் வருவதற்கு முன்பே தடுத்துவிட முடியாதா?

பதில்: வைகைக்கரையான்

நியாயமான கேள்வி அம்மா. எதிர்ப்பொருள்கள் நோய்க்கு முன்பே தோன்றுகின்றன என்பது உண்மைதான். நெதர்லாந்தில் ரத்த தானம் செய்தவர்களின் சேமித்த மாதிரிகளைப் பின்னோக்கிப் பார்த்த 2004ஆம் ஆண்டு ஆய்வில், பின்னாளில் முடக்குவாதம் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம், அறிகுறிகள் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவை இருந்தன. அந்த முன்காலத்தின் இடைநிலை அளவு (மீடியன்) நான்கரை ஆண்டு. ஆனால் எதிர்ப்பொருள் இருந்தும் மூட்டு நோய் வராதவர்களும் இருக்கிறார்கள். வலியே இல்லாத ஒருவருக்கு அது இருப்பதாகத் தெரிந்தால், கொடுப்பதற்கு உறுதியான மருந்து இன்று நம்மிடம் இல்லை.

எதிர்ப்பொருளோடு மூட்டு வலியும் தொடங்கிய, ஆனால் நோய் முழுமையாக வெளிப்படாதவர்களுக்கு, டி அணுக்களின் கிளர்ச்சியை அடக்கும் அபடாசெப்ட் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்த இரண்டு ஆய்வுகள் 2024இல் வெளிவந்தன. மருந்து கொடுத்த காலத்தில் நோயாக முற்றியவர்கள் குறைந்தார்கள். நிறுத்திய பின் அந்தப் பலன் நாளடைவில் தேய்ந்தது. இந்த மருந்து, மரபியல் அன்பர் குறிப்பிட்ட சி.டி.எல்.ஏ.4 மரபணுவின் புரதத்திலிருந்தே உருவாக்கப்பட்டது. மரபணு ஆய்வுகளால் நோயாளிக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் எடுத்துக்காட்டு இதுதான்.

ஆகவே இப்போது உங்களுக்கு ரத்தப் பரிசோதனை வேண்டாம். காலையில் விரல்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடந்தாலோ, விரல் கணுக்களோ மணிக்கட்டோ வீங்கினாலோ, கைகுலுக்கும்போது கணுக்களில் வலித்தாலோ, அந்த வாரமே மூட்டுவாத மருத்துவரைப் பாருங்கள். முதல் சில மாதங்களில் தொடங்கும் மருந்துக்கும் ஓராண்டு கழித்துத் தொடங்கும் மருந்துக்கும் உள்ள வேறுபாட்டை, சிறுமலைச் செல்வியின் மணிக்கட்டு நமக்குச் சொல்லிவிட்டது. ஈறுகளில் ரத்தம் கசிந்தால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஈறு நோயை உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவிடமும் ஆர்ஜினினைச் சிட்ருலினாக மாற்றும் நொதி உண்டு. தம்பியிடம் சிகரெட்டைப் பற்றி நீங்கள் பேசுவதைவிட, அம்மா தன் கையை அவர் கையில் வைத்துப் பேசினால் பலன் இருக்கலாம். அப்போதும் முடியவில்லை என்றால் என்னிடம் அனுப்புங்கள், புகையை விடுவதற்கு மருந்துகளும் இருக்கின்றன.